வாடகையோடு வந்த தண்ணீர்

மரக்காணத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது வயது இருபத்திரண்டு. உப்பு அலுவலகத்தின் சோதனைக் கூடத்தில் உதவியாளர். சோதனைக் கூடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தராசு, ஒரு ஸ்பிரிட் அடுப்பு, ஆறு கண்ணாடிக் குழாய்கள், அவற்றில் இரண்டு உடைசல், ஜன்னலைத் திறந்தால் மேசை முழுக்க வெள்ளைத் தூள். உப்பளங்களில் வாரிய உப்பிலிருந்து சாம்பிள் வரும். அது சாப்பாட்டுக்குப் போகலாமா, இல்லை தோல் பதனிடும் ஷெட்டுக்கும் கருவாட்டுக்கும் மட்டும்தான் ஆகுமா என்று பார்த்து நான் எழுத வேண்டும். காலேஜில் படித்த கெமிஸ்ட்ரிக்கு இவ்வளவு சீக்கிரம் ஒரு வேலை வந்துவிட்டதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருமுறை பார்த்தால் போதும் என்று சொன்ன சாம்பிளையும் இரண்டு முறை பார்ப்பேன்.

முதல் ஒரு வருஷம் வேலை பார்க்கிற ஊரிலேயே குடியிருக்க வேண்டும் என்று உத்தரவில் போட்டிருந்தது. நான் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோய்க்கொண்டிருந்தேன். அந்த பஸ் நினைத்த இடத்தில் நிற்கும், நினைத்தபோது கிளம்பும். மூன்று நாள் தாமதமானால் ஒரு நாள் லீவு போய்விடும். இரண்டே மாதத்தில் லீவெல்லாம் கரைந்து போயிற்று. மேலதிகாரி கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் உள்ளூர் விலாசம் ஒன்று எழுதித் தரும்படியும், தராவிட்டால் மேலிடத்துக்கு எழுதிவிடப் போவதாகவும் சொன்னார். வீட்டில் அப்பா அந்தச் செய்திக்காகவே காத்திருந்தார். வந்தவாசியில் ஒரு வரன் தயாராக இருந்தது. பையன் வீட்டில் நான் வேலைக்குப் போவதில் யாருக்கும் இஷ்டமில்லை. விலாசம் கிடைத்தால் வேலை, கிடைக்காவிட்டால் வந்தவாசி. என் நிலைமை அவ்வளவுதான்.

வீடு தேட ஆரம்பித்தேன். ஒரு பெண் தனியாக வீடு தேடுவது குற்றம் என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் மரக்காணத்தில் நான் ஏறி இறங்கிய படிகளில் எல்லாம் என்னைக் கூண்டில் நிறுத்தித்தான் விசாரித்தார்கள். முதல் வீட்டு அம்மாள் எத்தனை பேர் என்று கேட்டாள். நான் ஒருத்திதான் என்றேன். அவள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், புருஷனை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்பது போல. இரண்டாவது வீட்டில் நாங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். திண்டிவனம் என்றேன்.

“அது ஊருமா. நான் ஊரக் கேக்கல.”

எதைக் கேட்கிறார் என்று தெரிந்தும் தெரியாதவள் மாதிரி நின்றேன். கதவு மூடிக்கொண்டது. மூன்றாவது வீட்டில் மீன் சமைப்பாயா என்றார்கள். சமைப்பேன் என்றதும் இடமில்லை. அடுத்த வீட்டில் புத்தி வந்து, மீனே தொடமாட்டேன் என்றேன். மீன் சாப்பிடாதவர்களுக்கு எங்கள் வீட்டு வாசனை ஒத்துக்கொள்ளாது என்று அங்கேயும் இடமில்லை. இன்னொருவர் ரொம்பப் பிரியமாகப் பேசி, மோர் கொடுத்து, கல்யாணம் ஆனதும் வரச் சொன்னார். அந்த மோரைக் குடித்துவிட்டு வந்தேனே என்று இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

கடைசியில் எங்கள் ஆபீஸ் பியூன்தான் ஒரு இடம் இருப்பதாகச் சொன்னார். ஊருக்குத் தெற்கே, பாண்டிச்சேரி ரோட்டில், சவுக்குத் தோப்பை வெட்டிப் புதிதாக மனை போட்டிருந்த இடம். பாதி மனைகளில் கல்லும் முள்ளும்தான். ஓரமாக வரிசையாய் நான்கு ஓட்டு வீடுகள். அவற்றைக் கட்டியவர் ஒரு அளத்துக்காரர், பெரிய அளம். இரண்டாவது வீடு காலி.

நான் பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி பதில்களைத் தயார் செய்துகொண்டு போனேன். அவர் எதையுமே கேட்கவில்லை. எத்தனை பேர், எந்தப் பக்கம், என்ன சமையல், ஒன்றும் இல்லை. நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்காரச் சொல்லி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“உப்பு ஆபீஸ்தானே பாப்பா? டெஸ்ட் பண்ற ரூமு?”

ஆமாம் என்றேன். சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். வாடகை, மற்றவர்கள் சொன்னதில் பாதிகூட இல்லை. நான் அன்றைக்கே அப்பாவுக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். உலகம் மாறிவிட்டது, பெண் என்றும் ஜாதி என்றும் பார்க்காத மனிதர்கள் இந்த உப்புக் கரையிலும் இருக்கிறார்கள், நீங்கள்தான் இன்னும் மாறவில்லை என்று பிரசங்கம். அந்தக் கடிதம் இப்போது கையில் கிடைத்தால் சுக்குநூறாகக் கிழித்துப் போடுவேன்.

ஓட்டைப் பார்த்தேன், தாழ்ப்பாளைப் பார்த்தேன், ஜன்னல் கம்பியை இழுத்துப் பார்த்தேன். பின்னால் இருந்த கிணற்றில் ஒரு வாளி இறைத்து வாயில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. பகலெல்லாம் உப்பைச் சோதிப்பவள்! அந்தக் கரையில் வீடு பார்க்கப் போகிற எந்தப் படிக்காத மனுஷியும் முதலில் செய்கிற காரியம் அது. மறுநாள் காலை அடுப்பில் பருப்பு ஒரு மணி நேரம் கொதித்தும் கல்லாகக் கிடந்தது. சோப்பு நுரைக்கவே இல்லை. எங்கள் வரிசையின் மூன்றாவது வீட்டு அக்கா மதில் வழியாகப் பார்த்துச் சிரித்தாள். அவள் புருஷனுக்குப் பாண்டிச்சேரி மில்லில் ஷிப்டு வேலை. மூன்று பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை தவறினாலும் மாதா கோயில் தவறாதவள்.

“அந்தத் தண்ணில பருப்பு வேவாது தங்கச்சி. நீ வெந்துடுவ.”

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அந்த வரிசைக்கு நல்ல தண்ணீர் வண்டியில் வந்தது. மேற்கே உள்ளே தள்ளி அளத்துக்காரருக்கு ஒரு தோட்டம், அதில் இனிப்புக் கிணறு. தினம் காலையில் மாட்டுவண்டியில் பீப்பாய் வைத்து வண்டிக்காரர் கொண்டுவருவார். வீட்டுக்கு இரண்டு குடம். வாடகையிலேயே சேர்த்தி. கிணற்றுத் தண்ணீர் குளிக்க, துவைக்க. வண்டித் தண்ணீர் குடிக்க, சமைக்க. அது பெரிய வசதி, இந்தப் பக்கத்தில் மற்றவர்கள் ஒரு குடத்துக்காக எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் தெரியுமா என்று அக்கா சொன்னாள். எனக்கு வீட்டுக்காரர் மேல் மரியாதை இன்னும் ஒரு படி ஏறியது. விலாசம் எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி ஃபைலில் வைத்துக் கட்டினார். அப்பா பதில் எழுதவில்லை. வந்தவாசிப் பேச்சு கொஞ்சம் அடங்கியது.

பிறகு பங்குனியில், வராத காலத்தில், இரண்டு நாள் மழை வந்தது. விளைந்த உப்பு கரைந்துவிடுமே என்று எல்லா அளத்திலும் அவசர அவசரமாக வாரினார்கள். உப்பு விளைந்தபின் பாத்தியில் ஒரு கசப்புத் தண்ணீர் தங்கும். அதை வடியவிட்டுத்தான் வார வேண்டும். வடியாமல் வாரினால் கசப்பும் கூடவே வரும். பார்ப்பதற்கு ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் வைத்தால் ஈரம் கோத்துக்கொள்ளும், கறியில் போட்டால் நாக்கில் நிற்கும்.

அந்த வாரம் ஆறு சாம்பிள் வந்தது. அதில் ஒன்றைக் கொண்டுவந்த அளத்துக்காரரின் குமாஸ்தா அதை என் மேசைமேல் தனியாக, மெதுவாக வைத்தான்.

“நம்ம வூட்டு உப்புங்க” என்றான்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. சாம்பிளுக்கு நம்பர்தான் இருக்க வேண்டும், யாருடையது என்று சொல்லக் கூடாது என்று அவனுக்கு விதியை விளக்கினேன். அவன் ரொம்பப் பணிவாகக் கேட்டுக்கொண்டு போனான். மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் தேறவில்லை. ஆறில் நான்கு தேறவில்லை, அவருடையது மட்டும் இல்லை. சாப்பாட்டுக்கு ஆகாது என்று எழுதிக் கொடுத்தேன். அவ்வளவு நியாயமான மனிதர், புரிந்துகொள்வார் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் அவரைப் பார்த்தால் கசப்புத் தண்ணீரை வடிப்பது பற்றி நான் படித்ததைச் சொல்ல வேண்டும் என்றுகூட இருந்தேன்.

மறுநாள் காலை வண்டி வந்தது. முதல் வீட்டில் நின்றது. இரண்டு குடம் ஊற்றியது. நான் குடத்தை வாசலில் வைத்துவிட்டு நின்றேன். மாடு என்னைத் தாண்டிப் போய் மூன்றாவது வீட்டில் நின்றது. மறந்துவிட்டார் என்று நினைத்துக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். வண்டிக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் பீப்பாயின் மூடியைத் துணியால் இறுக்கிக்கொண்டிருந்தார்.

“சொல்லலம்மா.”

“என்ன சொல்லல?”

“ஒங்களுக்கு ஊத்தச் சொல்லல.”

தெருவில், நான்கு வீட்டுக்கும் நடுவில், காலிக் குடத்தோடு நின்றேன். காலிசெய் என்று ஒரு வார்த்தை இல்லை. திட்டு இல்லை, சண்டை இல்லை. மாடு இரண்டு அடி கூடுதலாக நடந்ததே, அதுதான் எனக்கு வந்த நோட்டீஸ்.

ஆபீசுக்குப் போய் மேலதிகாரியிடம் கொதித்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டார். தப்பாக எழுது என்று தான் சொல்லவில்லை என்றார். எழுதுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை போய்ச் சொல்லியிருந்தால் அளத்துக்காரர் வேறு நல்ல சாம்பிளாக அனுப்பியிருப்பாரே என்றார். வீட்டை விட்டுவிடாதே, விலாசம் ஃபைலில் இருக்கிறது என்றும் நினைவூட்டினார். பியூன் வராந்தாவில் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வீட்டை எனக்குச் சொல்லும்படி அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று அப்போதுதான் யோசித்தேன். மொத்த ஊருக்கும் தெரிந்திருக்கிறது. டிகிரி வாங்கியவள் ஒருத்திக்குத்தான் தெரியவில்லை.

யாராவது என்னை மிரட்டியிருந்தால் இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. ஒருத்தி தனியாக இருக்கிறாள், எங்கேயும் வீடு கிடைக்கவில்லை, இவளுக்குப் பாதி வாடகை போதும் என்று என் கஷ்டத்தை எடைபோட்டு வாங்கியிருக்கிறார். மற்ற வீடுகளில் கதவைச் சாத்தியவர்களாவது முகத்துக்கு நேராகச் சாத்தினார்கள்.

மறுபடி வீடு தேடினேன். அதே கேள்விகள், அதே கதவுகள். இடையில் மூன்று வாரம் என்னை வாழவைத்தது மூன்றாவது வீட்டு அக்காதான். தன் இரண்டு குடத்தில் பாதிக் குடத்தைத் தினம் மதில்மேல் வைப்பாள். வண்டிக்காரர் பார்க்கும்படியே வைப்பாள். அதில் சோறு வடித்து, மிச்சத்தை ஒரு சொம்பில் மூடிவைத்து, வாய் நனைக்கும் அளவுக்குக் குடித்துக்கொண்டிருந்தேன். ஐந்து பேர் குடிக்கிற தண்ணீரிலிருந்து அவள் எடுத்துத் தருகிறாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கினேன்.

அந்த மூன்று வாரத்தில் அளத்துக்காரர் தன் உப்பு அம்பாரத்தைப் பிரித்து, அடர்ந்த உப்பு நீரில் அலசி, வடியவைத்து, காயவைத்தார். என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. புது சாம்பிள் வந்தது. குமாஸ்தா இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை, அவனைப் பார்த்ததுமே யாருடைய உப்பு என்று தெரிந்தது. ஐந்து முறை பார்த்தேன். உண்மையைச் சொன்னால், தேறாமல் போகாதா என்றுதான் ஐந்து முறை பார்த்தேன். பளிங்கு மாதிரி இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாட்டுக்கு ஆகும் என்று எழுதினேன். வேறு என்ன எழுத முடியும்?

மறுநாள் காலை வண்டி என் வாசலில் நின்றது. வண்டிக்காரர் சிரித்தார்.

“ஊத்தச் சொல்லிட்டாரும்மா. ஒங்களுக்கு மூணு.”

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் குடங்களை நிரப்பிவிட்டு, இன்னொன்றுக்குத் தன் தகர டின்னையே இறக்கி வைத்துவிட்டார். முதல் வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வீட்டுக்காரர்களும். அந்த முகங்களில் என்ன எழுதியிருந்தது என்று படிக்க எனக்கு டெஸ்ட் ரூம் வேண்டியதில்லை. வழிக்கு வந்துவிட்டாள். நான் ஐந்து முறை பார்த்துச் சத்தியமாக எழுதிய எழுத்து, இந்த மூன்று குடத்தால் விலைக்கு விற்ற எழுத்தாகிவிட்டது. இனி நான் அவருக்கு நல்லது எழுதினாலும் பொய், கெட்டது எழுதினாலும் வீம்பு.

ஒரு குடத்தைத் தூக்கினேன். ரோட்டு மணலில் கவிழ்த்தேன். இரண்டாவதையும் கவிழ்த்தேன். டின்னைக் காலால் உதைத்தேன். மணல் ஒரு நொடியில் எல்லாவற்றையும் குடித்துவிட்டது. வண்டிக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். எனக்கு அப்போது ஜெயித்துவிட்டது போலத்தான் இருந்தது.

அக்கா தன் வாசலில் இருந்து இறங்கி வந்தாள். கையில் ஈரமான கரண்டி. என் முன்னால் நின்றாள். குரலை உயர்த்தாமல் பேசினாள்.

“மூணு வாரமா எம்புள்ளைங்க ரசம் இல்லாம வெறுஞ்சோறு தின்னுச்சிங்க. ஒனக்குப் பாதிக் கொடம் வெக்கணுமேன்னு. நீ மண்ணுல கொட்ற.”

“அக்கா, அது அந்த ஆளு…”

“யாரு மேல கோவம்? அவுரு மேலன்னா அவுரு வூட்டுக்குப் போ. தண்ணி ஒன்ன என்னா பண்ணிச்சி? எங்கிட்டக் குடுத்திருக்கலாமில்ல. ஒரு வார்த்த, எடுத்துக்கோக்கான்னு.”

அவள் குனிந்து, உருண்டு கிடந்த டின்னில் அடியில் தங்கியிருந்த கொஞ்சத்தைத் தன் சொம்பில் சாய்த்துக்கொண்டாள். எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“காலி பண்ணிடு தங்கச்சி. நாளைக்கி மறுபடியும் ஒண்ணு எழுதுவ, மறுபடியும் நிறுத்துவாரு. நீ இங்க இருந்தா நான் குடுக்காம இருக்க மாட்டேன். என்னால முடியல.”

அன்று சாயங்காலம் அளத்துக்காரர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் வசனம் தயார் செய்திருந்தேன். லஞ்சம் என்றும் அவமானம் என்றும் பெரிய பெரிய வார்த்தைகள். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். நான் தொடவில்லை. வீட்டைக் காலி செய்கிறேன், சாவி இதோ என்றேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. முகத்தில் நடிப்பே இல்லை, அதுதான் தாங்கவில்லை.

“ஏன் பாப்பா? அதான் தண்ணி வருதே.”

“நான் எழுதறதுக்குத் தண்ணி வருது.”

“நல்லா எழுதின, வருது. எனக்கு மனசு சங்கடமா இருந்திச்சி, நின்னுச்சி. இதுல இன்னா இருக்குது?”

தயார் செய்த வசனமெல்லாம் வேறு ஆளுக்கு எழுதியது. அவர் என்னை விலைக்கு வாங்குவதாகவே நினைக்கவில்லை. வேண்டியவர்களுக்குத் தண்ணீர், வேண்டாதவர்களுக்கு இல்லை. இருபது வருஷமாக அவர் ஊரில் நல்ல மனிதர் என்று பெயரெடுத்தது இப்படித்தான். சாவியை நாற்காலிக் கையில் வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது விலாசம் இல்லை. மேலதிகாரி, தான் மேலே எழுதுவதைத் தவிர வழியில்லை என்றார். அப்படியானால் நானும் எழுதுகிறேன் என்றேன். உட்கார்ந்து, வீடு எப்படிக் கிடைத்தது, யார் சொல்லிக் கிடைத்தது, எந்த சாம்பிளுக்கு மறுநாள் தண்ணீர் நின்றது, எந்த சாம்பிளுக்கு மறுநாள் மூன்று குடமாக வந்தது, எழுதுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று எனக்கு யார் புத்தி சொன்னார்கள், எல்லாவற்றையும் இரண்டு பக்கத்துக்கு எழுதி, விலாசம் இல்லாததற்கு விளக்கம் என்று தலைப்புப் போட்டு, அவர் அனுப்பும் கடிதத்தோடு சேர்த்து அனுப்பும்படி நீட்டினேன்.

அவர் முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாவது பக்கத்தைப் பாதி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கூனிமேட்ல ஏதாச்சும் இடம் கெடைக்குமான்னு பாரேம்மா” என்றார். “பஸ்ல பக்கம்தானே. அத உள்ளூர்னே வச்சிக்கலாம்.”

இரண்டு மாதமாகப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தபோது அவருக்கு ஊர் எல்லை அங்குலக் கணக்கில் தெரிந்திருந்தது. இரண்டு பக்கம் எழுதியதும் எல்லை தானாகத் தெற்கே நகர்ந்துவிட்டது.

கூனிமேட்டில் ஒரு ஜவுளிக்கடை பாய் வீட்டின் பின்கட்டில் இடம் கிடைத்தது. மகன் துபாயில். பாயின் மனைவி என்னிடம் எல்லாக் கேள்வியும் கேட்டார்கள், ஒன்றையும் விடவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். சம்பளத்தில் பெரும்பகுதி வாடகைக்கே போயிற்று. வேலை நிலைத்தது. வந்தவாசிப் பையனுக்கு வேறு இடத்தில் முடிந்தது.

மழைக்காலத்தில் ஒரு நாள் மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். கூட மூன்று பிள்ளைகள். அவள் என்னைப் பார்த்துவிட்டாள், ஆனால் நான்தான் பக்கத்தில் போக வேண்டியிருந்தது. பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். இருக்குதுங்க என்றாள். வீட்டுக்கு யாராவது வந்தார்களா என்று கேட்டேன்.

“ஒங்க ஆபீஸ் ஆளுதான். உப்பு வண்டிக்கு பெர்மிட்டு எழுதறவரு.”

“வாடகை?”

“ஒனக்கு வுட்டதவிடக் கொறைச்சல்னு சொல்லிக்கிறாங்க.”

தண்ணீர் வருகிறதா என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

“நாலு கொடம். அவுங்க வூட்டம்மா அதுலயே துணி தொவைக்குது.”

பாண்டிச்சேரி பஸ் வந்து நின்றது. அவள் கடைசிப் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாள்.